மேயர் மனசா... இன்ச் டேப்பா? - நடைபாதைப் பேப்பர் பெட்டிக்காக உச்ச நீதிமன்றம் வரை போன அமெரிக்க ஊர்கள்!

ஹாலிவுட் படங்களில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். கோட் போட்ட ஒருவர் அவசர அவசரமாக நடந்து வருவார். தெருமுனையில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி நிற்கும். பையைத் துழாவிக் காசை எடுத்துப் போடுவார். கண்ணாடிக் கதவை இழுத்து ஒரு பேப்பரை எடுப்பார். தலைப்புச் செய்தியைப் பார்த்ததும் அவர் முகம் மாறும். அப்புறம் கதை அவர் பின்னால் போய்விடும். பெட்டியை நாம் மறந்துவிடுவோம்.

ஆனால், அந்தப் பெட்டி அங்கே நிற்கலாமா, கூடாதா என்று அமெரிக்காவில் ஊர் ஊராக வழக்கு நடந்திருக்கிறது. அவற்றில் இரண்டு வழக்குகள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பெரிய தீர்ப்புகளாக முடிந்திருக்கின்றன. ரெண்டடி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு தகரப் பெட்டிக்கு ஏன் இவ்வளவு அக்கப்போர்?

சண்டை பெட்டிக்காக மட்டும் இல்லை. பொது இடத்தில் யாருடைய பேச்சுக்கு இடம் உண்டு, அதை முடிவு செய்வது யார் என்பதற்காகவும்தான்.

காசு ஒன்று... கட்டு முழுசும் திறக்கும்!

முதலில் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். வேடிக்கையே அங்கேதான்.

குளிர்பான மெஷினில் காசு போட்டால் ஒரு கேன்தான் விழும். பேப்பர் பெட்டி அப்படியில்லை. 25 சென்ட் நாணயங்களைப் போட்டால் (அமெரிக்காவில் அதன் பெயர் 'குவார்ட்டர்', நீங்கள் நினைக்கிற குவார்ட்டர் இல்லை!) தாழ்ப்பாள் விடுபட்டுக் கதவு முழுசாகத் திறந்துகொள்ளும். உள்ளே அன்றைய பேப்பர் கட்டு அப்படியே இருக்கும். ஒன்றை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்த வேண்டியது உங்கள் பொறுப்பு. பத்து பேப்பரை அள்ளிக்கொண்டு போனாலும் கேட்க ஆளில்லை.

பேப்பர்காரர்கள் என்ன, அவ்வளவு ஏமாளிகளா? இல்லை. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பேப்பரின் கனம் தினமும் மாறும். திங்கட்கிழமை மெலிசு, ஞாயிற்றுக்கிழமை தலையணை. ஒவ்வொன்றாகத் தள்ளிவிடும் மெஷினுக்கு அது ஒத்துவராது, செலவும் அதிகம். அதோடு, இரண்டாவது பிரதியை வைத்துக்கொண்டு யார் என்ன செய்யப் போகிறார்கள்? சாயங்காலமே அது பழைய பேப்பர். தள்ளுபடிக் கூப்பன் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கொஞ்சம் கைவரிசை நடக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தப் பெட்டிகள் நாடு முழுக்கப் பரவின. டெக்சாஸ் மாநிலத்தின் ஷைனர் என்ற குட்டி ஊரில், கம்பிச் சாமான்கள் செய்துவந்த காஸ்பர் என்ற நிறுவனம் இந்தப் பெட்டிகளுக்காகவே பேர் வாங்கியது. 1982 செப்டம்பர் 15 அன்று 'யுஎஸ்ஏ டுடே' நாளிதழ் தொடங்கியபோது, அதன் பெட்டியைக் கம்பத்தின் மேல் வைத்த டி.வி போலவே வடிவமைத்தார்கள். தெருவில் போகிறவர் கண்ணில் முதல் பக்கம் டி.வி திரை மாதிரி படும்!

ஊர்க்காரர்களுக்கு வந்த தலைவலி

ஒரு பெட்டி நின்றால் அழகு. ஒரே முனையில் பத்து பெட்டி நின்றால்?

பெரிய நாளிதழ்கள், இலவச வார இதழ்கள், வீடு விற்பனை விளம்பரப் புத்தகங்கள், வேலைவாய்ப்பு இதழ்கள் என்று எல்லோரும் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆள் நடமாட்டம் அதிகம் உள்ள முனையில்தான் எல்லோருக்குமே இடம் வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலம் என வரிசையாகப் பெட்டிகள். சில பெட்டிகள் விளக்குக் கம்பத்தோடு சங்கிலி போட்டுக் கட்டப்பட்டிருக்கும். சில, கதவு உடைந்து குப்பைத் தொட்டியாகவே மாறியிருக்கும்.

இது வெறும் அழகுப் பிரச்னை இல்லை. பஸ் கதவு திறக்கும் இடத்தில் பெட்டி நின்றால் பயணி எங்கே இறங்குவார்? தெருவோரத் தீயணைப்பு நீர்க்குழாயை மறைத்து நின்றால், தீப்பிடித்த நேரத்தில் வீரர்கள் ஹோஸை எங்கே மாட்டுவார்கள்? சக்கர நாற்காலி இறங்கும் சரிவுக்கு முன்னால் நின்றால், அந்த நாற்காலியில் இருப்பவருக்கு அந்தத் தெருவே மூடிவிட்ட மாதிரிதான்.

பார்வையற்றோருக்கு இன்னொரு ஆபத்து. வெள்ளைக் கோலைத் தரையோடு தட்டிக்கொண்டு நடப்பவருக்கு, தரையிலிருந்து எழும்பி நிற்கும் பொருள் கோலில் தட்டுப்படும். கம்பத்தின் மேல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டி தட்டுப்படாது. நேராக வயிற்றிலோ நெஞ்சிலோ இடிக்கும். அதனால்தான் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கட்டட விதிகள், தரையிலிருந்து 27 அங்குலத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பொருள்களுக்குத் தனியாக அளவு வைத்திருக்கின்றன. 27 அங்குலம் வரைதான் கோல் நம்பகமாகக் கண்டுபிடிக்கும் என்பது கணக்கு.

ஆக, ஊர் நிர்வாகம் விதி போட்டதில் தப்பே இல்லை. எப்படிப் போட்டது என்பதில்தான் வம்பு வந்தது.

லேக்வுட் போட்ட விதி

ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில், கிளீவ்லாந்து நகரத்தை ஒட்டி இருக்கிறது லேக்வுட். 1980-களில் சுமார் 60,000 பேர் வசித்த ஊர். பொது இடத்தில் தனியார் எந்த அமைப்பையும் நிறுத்தக் கூடாது என்று அங்கே முழுத் தடை இருந்தது. கிளீவ்லாந்தின் பெரிய நாளிதழான 'பிளெய்ன் டீலர்', லேக்வுட் நடைபாதைகளில் காசு போடும் பெட்டிகளை வைக்க 1982-ல் அனுமதி கேட்டது. நிர்வாகம் மறுத்தது. பத்திரிகை கோர்ட் படி ஏறியது. முழுத் தடை செல்லாது என்று கீழ் நீதிமன்றம் சொன்னது.

லேக்வுட் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. 'சரி, அனுமதிக்கிறோம்' என்று புதிய விதிகளைக் கொண்டுவந்தது. பெட்டி வைக்க வருஷா வருஷம் பெர்மிட் வாங்க வேண்டும். கொடுப்பதா, மறுப்பதா என்பதை மேயர் முடிவு செய்வார். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கொடுத்தால், பெட்டியின் வடிவத்துக்கு ஒப்புதல், விபத்துக் காப்பீடு ஆகியவற்றோடு, அவசியம் என்று மேயர் கருதும் வேறு நிபந்தனைகளையும் அவர் சேர்த்துக்கொள்ளலாம்.

மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தானே இருக்கிறது? காரணமும் சொல்லச் சொல்லியிருக்கிறார்களே?

பத்திரிகை ஒப்புக்கொள்ளவில்லை. பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்காமல் விதியையே எதிர்த்து வழக்காடியது. 1988 ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் இரண்டு பேர் இந்த வழக்கில் கலந்துகொள்ளவில்லை. மீதி ஏழு பேரில் 4-க்கு 3 என்ற கணக்கில் பத்திரிகை ஜெயித்தது.

நீதிபதி பிரென்னன் எழுதிய தீர்ப்பின் சாரத்தை இப்படிச் சொல்லலாம். எந்த அடிப்படையில் கொடுக்கலாம், எந்த அடிப்படையில் மறுக்கலாம் என்று இந்த விதியில் எங்குமே எழுதியிருக்கவில்லை. 'பொது நலனுக்கு ஏற்றதல்ல' என்று மேயர் ஒரு வரி எழுதிவிட்டால் போதும், காரணம் சொன்னதாகிவிடும். அது உண்மையான காரணமா, போன வாரம் தன்னைத் திட்டி வந்த தலையங்கத்துக்குப் பழிவாங்கலா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

மேயர் மோசமானவர் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. லேக்வுட் மேயர் யாரையும் பழிவாங்கியதாக நிரூபிக்கவும் தேவையில்லை என்றது. விதியின் அமைப்பே ஆபத்தானது என்பதுதான் வாதம். தேர்தல் வருகிறது. பெர்மிட்டைப் புதுப்பிக்கும் தேதியும் வருகிறது. பெட்டி விற்பனையை நம்பியிருக்கும் ஒரு பத்திரிகையின் ஆசிரியர், மேயரைப் பற்றிய கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன யோசிப்பார்? 'இந்த மாசம் வேண்டாமே' என்றுதானே? மேயர் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். ஆனால் கட்டுரை வராது. தடை போட்டால் வெளியே தெரியும். பயம் வெளியே தெரியாது. இந்த வழக்கின் உயிர் அந்த இடத்தில் இருக்கிறது.

குளிர்பானமும் பேப்பரும் ஒன்றா?

தீர்ப்பை ஏற்காத மூன்று நீதிபதிகளின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. நடைபாதை ஊருக்குச் சொந்தம். தெருவில் நின்று பேப்பர் விற்க உரிமை உண்டு, கையில் கொடுக்க உரிமை உண்டு. ஆனால், ஊர் நிலத்தில் ஒரு பெட்டியை நிரந்தரமாக இறக்கிவைக்க அரசியலமைப்பு உரிமை எங்கே இருக்கிறது? முழுசாகத் தடுக்கவே ஊருக்கு அதிகாரம் இருக்கும்போது, மேயரிடம் அனுமதி வாங்கு என்பதில் என்ன தப்பு? நீதிபதி ஒயிட் எழுதிய மறுப்புரை இந்தத் திசையில் போனது.

குளிர்பான மெஷின் வைக்கவும் அனுமதி வாங்கத்தான் வேண்டும், பேப்பர் பெட்டிக்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்ற கேள்வியும் எழுந்தது. அதற்குப் பிரென்னன் தரப்பின் பதில் எளிமையானது. குளிர்பானக்காரரின் தொழில் பானம் விற்பது. பத்திரிகையின் தொழில் பேசுவது. பானக்காரருக்கு பெர்மிட் மறுத்தால் தாகம்தான் தீராது. பத்திரிகைக்கு மறுத்தால் ஊருக்கு ஒரு குரல் குறையும்.

இந்தச் சிந்தனை 1988-ல் முளைத்ததும் அல்ல. 1938-லேயே இதற்கு வேர் இருக்கிறது. ஜார்ஜியா மாநிலம் கிரிஃபின் ஊரில், நகர நிர்வாகியிடம் எழுத்துபூர்வ அனுமதி வாங்காமல் துண்டுப் பிரசுரமோ புத்தகமோ விநியோகிக்கக் கூடாது என்று விதி இருந்தது. ஆல்மா லவல் என்ற பெண் அனுமதி கேட்காமலே தன் மதப் பிரசுரங்களை விநியோகித்தார். 50 டாலர் அபராதம், கட்டாவிட்டால் 50 நாள் சிறை என்றார்கள். உச்ச நீதிமன்றம் அந்த விதியையே ரத்து செய்தது. அச்சடிக்கலாம், ஆனால் கொண்டுபோய்ச் சேர்க்க அனுமதி வேண்டும் என்றால், அச்சடிக்கும் சுதந்திரத்துக்கு அர்த்தமே இல்லை. லவல் அம்மா கையில் ஏந்திய பிரசுரத்துக்குக் கிடைத்த நியாயம், 50 ஆண்டு கழித்துப் பெட்டிக்குள் இருந்த பேப்பருக்கும் கிடைத்தது.

62 பெட்டியை எடுத்தால் தெரு சுத்தமாகிவிடுமா?

அடுத்த பெரிய வழக்கு அதே ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரத்திலிருந்து வந்தது.

அங்கே இரண்டு நிறுவனங்கள் நகரத்தின் அனுமதியோடு பெட்டி வைத்திருந்தன. ஒன்று, பெரியவர்களுக்கான வகுப்புகள், பொழுதுபோக்கு நிகழ்ச்சிகள் பற்றிய இலவச இதழ். அதற்கு 38 பெட்டிகள். இன்னொன்று வீடு விற்பனைப் பட்டியல் இதழ். அதற்கு 24. மொத்தம் 62. 1990-ல் நகர நிர்வாகம் திடீரென்று, 'இவை செய்தித்தாள்கள் இல்லை, விளம்பரத் தாள்கள், பெட்டிகளை எடுங்கள்' என்றது. நடைபாதையில் நெரிசலைக் குறைத்துத் தெருவை அழகாக்கப் போகிறார்களாம்.

அப்போது சின்சினாட்டி நடைபாதைகளில் நின்ற பெட்டிகள் 1,500-லிருந்து 2,000 வரை இருக்கும். அதில் 62-ஐ எடுத்தால் எவ்வளவு நெரிசல் குறையும்? எடுக்கப்போகும் பெட்டி, பக்கத்தில் நிற்கும் செய்தித்தாள் பெட்டியைவிட அகலமா? இல்லை. அசிங்கமா? அதுவும் இல்லை. தடுக்கி விழுகிறவருக்கு, உள்ளே இருப்பது செய்தியா விளம்பரமா என்பதில் என்ன வித்தியாசம்?

1993 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் நகரத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இடம் அடைக்கிறது என்றால் எல்லாப் பெட்டிகளின் அளவையும் எண்ணிக்கையையும் ஒழுங்குபடுத்துங்கள், உள்ளே என்ன அச்சாகியிருக்கிறது என்று பார்த்து வெளியேற்றாதீர்கள் என்பதே அதன் சாரம்.

அப்படியானால் ஊர் என்னதான் செய்யலாம்?

இந்தத் தீர்ப்புகளால் நகரங்களின் கை கட்டப்பட்டுவிட்டதா? அதுதான் இல்லை. மேயரின் மனசுக்குப் பதிலாக இன்ச் டேப் வந்தது, அவ்வளவுதான்.

நியூயார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி 50 அங்குல உயரம், 24 அங்குல அகலம், 24 அங்குல ஆழத்தைத் தாண்டக் கூடாது. பெட்டி வைத்த பிறகும் நடப்பதற்கு எட்டடி அகலப் பாதை மிச்சம் இருக்க வேண்டும். தீயணைப்பு நீர்க்குழாயிலிருந்து 15 அடி தள்ளி நிற்க வேண்டும். பஸ் ஸ்டாப்பிலும் பாதசாரிகள் சாலையைக் கடக்கும் இடத்திலும் கூடாது. விளக்குக் கம்பத்தோடு சங்கிலி போட்டுக் கட்டக் கூடாது. பெட்டி யாருடையது, யாரைக் கூப்பிடுவது என்ற விவரம் அதிலேயே எழுதியிருக்க வேண்டும். எங்கெங்கே வைத்திருக்கிறோம் என்று நகரத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும். இதில் எந்த விதியையாவது படித்து, உள்ளே இருக்கும் பத்திரிகை மேயரைப் பாராட்டுகிறதா, திட்டுகிறதா என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. அதுதான் இந்த விதிகளின் பலம்.

ஃப்ளோரிடாவின் கோரல் கேபிள்ஸ் நகரம் இன்னும் ஒரு படி போனது. எல்லாப் பெட்டியும் ஒரே நிறத்தில், எழுத்துகளும் குறிப்பிட்ட அளவில்தான் இருக்க வேண்டும் என்றது. பத்திரிகை ஒன்று வழக்குப் போட்டது. எல்லோருக்கும் ஒரே விதிதானே என்று 1994-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது.

பாஸ்டனின் பழைமை மாறாத பீக்கன் ஹில் பகுதியில், தெருவில் பெட்டியே கூடாது என்று தடை. பெரிய நாளிதழ்கள் எதிர்த்தன. 1996-ல் அங்கும் தடைதான் ஜெயித்தது. தடை எல்லாப் பத்திரிகைக்கும் பொது, வீட்டு விநியோகம், கடை விற்பனை, தெருவில் நின்று விற்பது என்று மற்ற வழிகள் திறந்தே இருக்கின்றன என்பது நீதிமன்றம் சொன்ன காரணம்.

சான் ஃபிரான்சிஸ்கோ போன்ற நகரங்கள் வேறு வழி கண்டன. தனித்தனிப் பெட்டிகளை எடுத்துவிட்டு, ஒரே பீடத்தில் பல அறைகள் கொண்ட பொதுப் பெட்டிகளை நிறுத்தின. பார்க்க லட்சணமாக இருக்கும், இடமும் மிச்சம். ஆனால், பத்திரிகைகள் அதிகமாகவும் அறைகள் குறைவாகவும் இருந்தால் எந்த அறை யாருக்கு? பெரிய நாளிதழுக்குக் கவலையில்லை. தெருமுனைப் பெட்டியை மட்டுமே நம்பியிருக்கும் சின்ன இலவச இதழுக்கு அந்த ஒரு அறைதான் உயிர். இங்கேயும் பங்கு பிரிக்கும் விதி எழுத்தில் இல்லையென்றால், கதை மறுபடி லேக்வுட்டில் வந்து நிற்கும்.

இப்போது அந்தப் பெட்டிகள் எங்கே?

சொல்ல வருத்தமாக இருந்தாலும் உண்மை இதுதான். கோர்ட் ஜெயிக்க வைத்த பெட்டியைக் காலம் தோற்கடித்துவிட்டது. பேப்பர் விலை ஏற ஏற, பை நிறையச் சில்லறை வைத்திருந்தால்தான் வாங்க முடியும் என்றாகிவிட்டது. அப்புறம் செல்போன் வந்தது. செய்தி பைக்குள்ளேயே வந்துவிட்ட பிறகு, காசைத் தேடிப் பையைத் துழாவுவது யார்? நியூயார்க் முனைகளில் சிவப்புப் பெட்டியோடு நின்ற 'வில்லேஜ் வாய்ஸ்' வார இதழ் 1996-லிருந்து அங்கே இலவசமாகவே கிடைத்தது. 2017-ல் அதன் வாராந்தர அச்சு நின்றது.

பல பெட்டிகள் பழைய இரும்புக்குப் போயின. சில, வீட்டு வரவேற்பறையில் அலங்காரப் பொருளாகிவிட்டன. சிலவற்றுக்கு நல்ல மறுபிறவி. 'வேண்டியதை எடு, முடிந்ததை வை' என்று இலவசப் புத்தகம் வைக்கும் பெட்டியானவை உண்டு. சில ஊர்களில், அளவு மீறிய போதைப்பொருளால் மூச்சு நிற்கப்போகிறவரைக் காப்பாற்றும் நாலாக்ஸோன் மருந்து அந்தப் பழைய பேப்பர் பெட்டிகளில் இலவசமாக வைக்கப்படுகிறது. யாரிடமும் அனுமதி கேட்காமல், யார் முகத்தையும் பார்க்காமல் எடுத்துக்கொள்ளலாம். பெட்டி அன்று செய்த அதே வேலைதான்.

பெட்டி போனாலும், அது எழுப்பிய கேள்வி போகவில்லை. பூக்கடையோ, புத்தகக்கடையோ, கண்டனக் கூட்ட மேடையோ, பொது இடத்தில் எதற்காவது 'இங்கே கூடாது' என்று யாராவது சொல்லும்போது நாம் கேட்க வேண்டியதை அந்த வழக்குகள் சொல்லிக்கொடுத்துவிட்டன. எத்தனை அடி தள்ளி வைத்தால் கூடும்? அந்த அளவு எல்லோருக்கும் ஒன்றா? அது எழுத்தில் இருக்கிறதா?

மூன்றுக்கும் பதில் இருந்தால், பெட்டியை நகர்த்திவைப்பதுதான் மரியாதை. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் அந்த நடைபாதை சொந்தம். பதிலே இல்லாமல் 'பெரியவரைப் போய்ப் பாருங்க' என்றால் மட்டும் உஷாராகிவிடுங்கள்!